ஆனைக்கும் அடி சறுக்கும் – கார் சறுக்கலைக் கற்றுக்கொண்ட கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்ட மலர்க்குழு நண்பர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "ஹாஸ்டல் சாம்பார், கல்ச்சுரல்ஸ், கட் அடிச்ச கதை எல்லாம் வேண்டாம்பா. அது ஏற்கெனவே ஏகப்பட்டது வந்து குவிஞ்சிருக்கு." சரி என்று எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து வெளியேறிப் பதினைந்து ஆண்டுகளாக நான் பிரேக்கோடும் டயரோடும்தான் குடித்தனம் நடத்துகிறேன். ஆகவே இந்தக் கட்டுரை சறுக்கலைப் பற்றியது. வாழ்க்கைச் சறுக்கல் அல்ல, காரின் சறுக்கல்!

கார் சறுக்குவதைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சிகள் உண்டு. "வண்டி ஸ்கிட் ஆகுதுன்னா ஓட்டத் தெரியலைன்னு அர்த்தம்" என்பது பெரியவர்கள் கட்சி. "டயர் புகையணும், பின்பக்கம் வீசணும், அதுதான் டிரைவிங்" என்பது தம்பிகள் கட்சி. புறவழிச் சாலையில் இரவு பதினோரு மணிக்கு இதைச் செய்து செல்போனில் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இரண்டாவது கட்சியின் தீவிரத் தொண்டர்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் பாதி உண்மைதான் கையில் இருக்கிறது. சறுக்கல் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆனால் எங்கே கற்கிறோம், எதற்காகக் கற்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. அந்தப் பாடத்தை உலகம் எப்படிப் படித்தது என்பதே இந்தக் கதை.

நான்கு உள்ளங்கைகள்

முதலில் கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், அரியர் விழாது.

ஒரு கார் எத்தனை பெரிதாக இருந்தாலும் தரையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். வேகம் எடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானத்தில்தான். அந்தப் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. மொத்தம் இவ்வளவுதான். பிரேக்குக்கு நிறையச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் முழுச் சம்பளத்தையும் செலவழித்துவிட்டுக் கடைசி நேரத்தில் பிரேக்கையும் மிதித்தால் கடன்தான். அந்தக் கடனுக்குப் பெயர்தான் சறுக்கல்.

முன் சக்கரம் முதலில் பிடியை விட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பின் சக்கரம் முதலில் விட்டால் பின்பக்கம் வெளியே வாரிக்கொண்டு போகும். முதலாவதை அண்டர்ஸ்டியர் என்றும், இரண்டாவதை ஓவர்ஸ்டியர் என்றும் சொல்கிறோம். இந்த இரண்டையும் பொறியியல் கணக்காகப் பேச ஆரம்பித்தது 1930களில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயர் அதில் முன்னோடி. அதற்கு முன் "இந்த வண்டி முரட்டு வண்டி, அந்த வண்டி சாது" என்று மாட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான் காரைப் பற்றியும் பேசினார்கள்.

கவிழ்ந்த இடத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவர்

இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் வில்லியம் மில்லிகன் என்ற அமெரிக்கரைத்தான் சொல்வேன். 1911ல் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் படித்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போயிங் நிறுவனத்தில் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் பொறியாளர். பிறகு பஃபலோ நகரில் கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வார நாட்களில் விமானத்தின் நிலைத்தன்மையை ஆராய்வார். லீவு நாட்களில் தன் பழைய புகாட்டி காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போய்விடுவார். பந்தயம் அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. அதுதான் அமெச்சூர்.

1948 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் என்ற சிற்றூரில், ஊர்த் தெருக்களையும் சுற்றுச்சாலைகளையும் இணைத்து, ஒரு சுற்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். ஏற்பாடு செய்தவர் அப்போது சட்டக் கல்லூரி மாணவர்! அந்தப் பந்தயத்தில் மில்லிகன் தன் புகாட்டியை ஒரு திருப்பத்தில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஆள் பிழைத்தார். அந்த இடத்துக்கு "மில்லிகன் திருப்பம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம்மில் யாராவது அப்படிக் கவிழ்ந்திருந்தால், "ரோட்டுல மண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். மில்லிகன் விடவில்லை. காற்றில் பறக்கும் விமானம் எப்போது நிலை தடுமாறும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது, தரையில் ஓடும் காருக்கு ஏன் முடியாது என்று கேட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் பண உதவியோடு அவரும் அவர் சகாக்களும் விமானக் கணக்கைக் காருக்குப் பொருத்தினார்கள். டயர் பக்கவாட்டில் எவ்வளவு விசை தருகிறது என்று தனியாக அளந்தார்கள். 1956ல் லண்டனில் அவர்கள் படித்த ஐந்து கட்டுரைகள்தான் இன்றைய வாகன இயக்கவியலுக்கு அஸ்திவாரம். 1995ல் அவரும் அவர் மகனும் சேர்ந்து எழுதிய பந்தயக் கார் இயக்கவியல் நூல் இன்றும் மாணவர் பந்தயக் கார் அணிகளுக்கு வேதம் மாதிரி. 2012ல், நூற்றியோரு வயதில் காலமானார்.

அமெச்சூர் பந்தயத்தால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு மனிதரைக் காட்டினால் போதும்.

தெருவிலிருந்து ஓடுதளத்துக்கு

ஆனால் வாட்கின்ஸ் க்ளென் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1952ல் அதே தெருப் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தின்மேல் உரசியது. வேடிக்கை பார்த்த ஏழு வயதுச் சிறுவன் இறந்துபோனான். ஊர் நடுவே நடந்த பந்தயம் அதோடு முடிந்தது. தெரு என்பது பந்தயத்துக்கான இடம் அல்ல என்பதை அந்த ஊர் ஒரு பிள்ளையின் உயிரை விலையாகக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? அந்தக் கேள்விக்குப் பதிலை உலகப்போர் விட்டுப் போயிருந்தது. போர் முடிந்ததும் பல நாடுகளில் விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. அகலமான தளம், சுற்றிலும் மரமோ வீடோ இல்லை, சறுக்கினால் மோதுவதற்கு எதுவுமே இல்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1948ல் அப்படித்தான் பந்தயக் களமானது. அமெரிக்காவில் 1952 முதல் 1954 வரை விமானப்படைத் தளங்களிலேயே அமெச்சூர் பந்தயங்கள் நடந்தன.

நம் சென்னைக்கும் அதே கதைதான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. போர்க்காலத்து ஓடுதளமான சோழவரம் அதன் களமாயிற்று. அந்தக் காலத்துச் சென்னைவாசிகளைக் கேட்டுப் பாருங்கள், சோழவரம் ரேஸ் என்றாலே முகம் மலரும். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த கதை சொல்வார்கள். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிக்கனமான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995ல் விமான விபத்தில் அவர் மறைந்தாலும், அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓடுதளம் கிடைக்காதவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். காலி கார் நிறுத்துமிடம் ஒன்றில் ரப்பர் கோன்களை வைத்து வளைந்து நெளிந்த பாதை போடு. ஒரு நேரத்தில் ஒரே கார். எதிராளி கடிகாரம்தான். கோனைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று பெயர். 1973 முதல் இதற்குத் தேசியப் போட்டியே நடக்கிறது. சொந்த வண்டியிலேயே வந்து ஓட்டலாம். கோனை இடித்தால் போவது மானம் மட்டும்தான்.

என்னைக் கேட்டால், பெரிய பந்தயத் தடங்களைவிட இந்த ரப்பர் கோன்தான் மகத்தான கண்டுபிடிப்பு. ஏன் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

பனிநாட்டு வித்தை

அமெரிக்கர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஸ்வீடனும் ஃபின்லாந்தும் கணக்குப் போடாமலே அதே விடையைக் கண்டுபிடித்தன. பனி உறைந்த சாலையில் தினமும் பால்காரர்கூடச் சறுக்கித்தான் போக வேண்டும். அங்கே சறுக்கல் சாகசம் அல்ல, வாழ்க்கை.

ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்சன் ஓட்டியது சாப் என்ற சிறிய, முன் சக்கர இழுவைக் கார். எஞ்சின் சக்தியும் சொற்பம். அவர் வண்டியை அடிக்கடி உருட்டுவதால் "கூரைமேல் கார்ல்சன்" என்று பட்டப்பெயரே உண்டு. ஆனால் அதே ஆள் 1960, 61, 62 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியையும், 1962, 63ல் மான்டி கார்லோ ராலியையும் வென்றார்.

எப்படி? இடது கால் வித்தை. முன் சக்கர இழுவை வண்டிக்கு வளைவில் நேராகப் போகும் பிடிவாதம் அதிகம். வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்காமல், இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தால் என்ன ஆகும்? முன் சக்கரங்களை எஞ்சின் சுழற்றிக்கொண்டே இருப்பதால் அவை நிற்காது. பிரேக்கின் வேலை பெரும்பாலும் பின் சக்கரங்களில் விழும். அவை பிடியை இழந்து பின்பக்கம் வெளியே நகரும், மூக்கு உள்ளே திரும்பும். வண்டி வளைவுக்குள் தானாகவே வந்துவிடும். ராவ்னோ ஆல்டோனென், டிமோ மாக்கினென் போன்ற ஃபின்லாந்துக்காரர்கள் இதையே மினி கூப்பரில் செய்தார்கள். மாக்கினென் 1965லும், ஆல்டோனென் 1967லும் மான்டி கார்லோவை வென்றார்கள்.

இன்னொரு வித்தை ஊஞ்சல் மாதிரி. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் ஒரு கணம் இடது பக்கம் திருப்பி, உடனே வலது பக்கம் ஒடிப்பது. ஊஞ்சலைப் பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் வேகமாக வருகிறதல்லவா, அதே போல வண்டியின் எடை ஒரு பக்கம் ஆடித் திரும்பும் வேகத்தில் பின்பக்கம் சுழன்று வரும்.

இதையெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் மட்டும் கற்கவில்லை. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் சாதாரண ஜனங்களுக்கென்றே ஒரு பந்தயம் உண்டு. ஸ்வீடனில் அதற்கு ஃபோக்ரேஸ், அதாவது மக்கள் பந்தயம் என்று பெயர். மண் தடம், பழைய கார். அதில் ஓர் அற்புதமான விதி: பந்தயம் முடிந்ததும் எந்தக் காரையும் முன்பே நிர்ணயித்த மலிவு விலைக்கு மற்றவர்கள் கேட்கலாம். சொந்தக்காரர் மறுக்க முடியாது. அப்புறம் எவன் லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சினைத் தேற்றுவான்? ஆகவே ஜெயிப்பது பர்ஸ் அல்ல, கையும் காலும்தான்.

ஜப்பான் காட்டிய இரண்டு பக்கம்

தம்பிகள் கட்சிக்குப் பிடித்த டிரிஃப்ட் என்பது ஜப்பான் மலைச்சாலையில் வளர்ந்தது. 1970களில் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்து மயங்கியவர் கெய்ச்சி சுசியா. அவர் இரவு நேர மலைச்சாலைகளிலேயே பழகினார். 1987ல் வெளியான அவருடைய வீடியோ ஒரு தலைமுறையையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. ஆனால் அதே சுசியா பிறகு என்ன செய்தார் என்பதை அந்த வீடியோவின் ரசிகர்கள் சொல்வதில்லை. தடத்துக்குள், நடுவர் முன்னிலையில், மதிப்பெண் போட்டு நடத்தும் டி1 என்ற டிரிஃப்ட் போட்டியை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். மலைச்சாலையில் தொடங்கியவரே கடைசியில் களத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

நார்வே தந்த அதிர்ச்சி

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சறுக்கலைச் சமாளிக்கக் கற்றால் விபத்து குறையும் என்றுதானே தோன்றுகிறது? நார்வே அரசும் அப்படித்தான் நினைத்தது. இளம் ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1988ல் அதன் பலனை ஆராய்ந்து பார்த்தார்கள். இளைஞர்களிடையே விபத்து குறையவில்லை, கூடியிருந்தது! "எனக்குத்தான் ஸ்கிட்டைச் சமாளிக்கத் தெரியுமே" என்ற தைரியத்தில் வழுக்கும் சாலையில் வேகமாகப் போனால் வேறு என்ன நடக்கும்?

ஸ்வீடன் ஆய்வாளர் கிரெகெர்சன் 1996ல் இதை இன்னும் நுட்பமாகச் சோதித்தார். பழகுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்குத் தளத்தில் காரைச் சமாளிக்கும் திறமையைப் பயிற்றுவித்தார்கள். மற்றக் குழுவுக்கு "உன் திறமைக்கு எல்லை உண்டு, வழுக்கினால் யாரும் முழுதாகச் சமாளிக்க முடியாது" என்பதை அனுபவமாகக் காட்டினார்கள். பிறகு அளந்து பார்த்தால், இரண்டு குழுவின் உண்மைத் திறமையிலும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நினைப்பில் இருந்தது. முதல் குழு தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டது.

அப்படியானால் பழகவே கூடாதா? பழக வேண்டும். ஆனால் எதைக் கற்கிறோம் என்பது மாற வேண்டும். "சறுக்கினால் மீட்பேன்" என்பது பாடம் அல்ல. "சறுக்கப் போகிறது என்று முன்கூட்டியே என் உட்காரும் இடத்துக்கும் கைக்கும் தெரியும், ஆகவே சாலையில் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போக மாட்டேன்" என்பதுதான் பாடம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லிவிட்டார்கள்.

எட்டுப் போடும் கார்

இந்தப் பாடத்துக்கு நம் மாதிரிக் கல்லூரிகளில் ஏற்கெனவே ஒரு வகுப்பறை உண்டு. 1981ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. மாணவர் போட்டியின் வாரிசுகள் இந்தியாவிலும் நடக்கின்றன. கோவைத் தடத்திலும் நடந்திருக்கின்றன. மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் அடித்து, ஓட்டும் கார். அதில் ஸ்கிட்பேட் என்று ஒரு பரீட்சை. எட்டு வடிவத்தில் இரண்டு வட்டங்கள். உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர், பாதை அகலம் 3 மீட்டர். வலது வட்டத்தில் இரண்டு சுற்று, இடது வட்டத்தில் இரண்டு சுற்று. ஒவ்வொரு பக்கமும் இரண்டாவது சுற்றுக்குத்தான் நேரக்கணக்கு. இரு சக்கர லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டோமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். கார் செல்லும் வட்டத்தின் ஆரம் சுமார் 9 மீட்டர். நல்ல மாணவர் கார் ஒரு சுற்றை 5 விநாடியில் முடித்தால், பக்கவாட்டு விசை எடையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வீட்டுக் காரின் எல்லை காய்ந்த தார் ரோட்டில் சுமார் 0.8 மடங்கு என்று வைத்தால், அந்த வட்டத்தில் அது மணிக்கு 30 கிலோமீட்டரிலேயே பிடியை விட ஆரம்பிக்கும். அதே எல்லையை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொட, சுமார் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு வேண்டும். கைக்கும் உடம்புக்கும் கிடைக்கும் செய்தி இரண்டிலும் ஒன்றே. ஆனால் 100ல் போகும் காரின் இயக்க ஆற்றல் 30ல் போகும் காரைப்போல பதினோரு மடங்கு! பாடம் அதே, ஃபீஸ் மட்டும் பதினோரு மடங்கு. கோனை நான் ஏன் மகத்தான கண்டுபிடிப்பு என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு செய்தி. கோன் வைத்துப் பழகியது கார்களையே மாற்றியிருக்கிறது. 1997ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே மான் வந்தால் ஒதுங்குவது போன்ற கோன் பாதையில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரை ஓட்டிப் பார்த்தது. கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சிறிய காருக்கும் சறுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போடும் மின்னணுச் சாதனத்தைப் பொருத்தினார்கள். அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்தது அது. இன்று அந்தச் சாதனத்தால் பிழைத்திருப்பவர்கள் ஏராளம். அதற்குள் ஓடுவது யாருடைய கணக்கு? வாட்கின்ஸ் க்ளென்னில் கவிழ்ந்தவர் தொடங்கிவைத்த கணக்குத்தான். ஆனால் அந்தச் சாதனமும் சம்பளத்தைச் சரியாகப் பங்கிடுமே தவிர, சம்பளத்தைக் கூட்டித் தராது.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது: ஆசையை அடக்கச் சொல்லவில்லை. ஆசையைத் தெருவிலிருந்து களத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோகிராஸ், ஜிம்கானா நடத்தும் கிளப்புகளில் சேருங்கள். ஹெல்மெட் போடுங்கள். முதலில் ஈரத்தளத்தில், மெதுவான வேகத்தில், வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகுங்கள்.

ஆனால் களத்தை அவர்களால் மட்டும் உருவாக்க முடியாது. அது நம் வேலை. நம்மில் போக்குவரத்துத் துறையில், காவல் துறையில், டயர் கம்பெனிகளில், கட்டுமானத்தில், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முறையான அனுமதியுடன் மூடிய மைதானம் ஒன்று, ஐம்பது கோன், ஒரு தண்ணீர் லாரி, ஓர் ஆம்புலன்ஸ், ஓட்டத் தெரிந்த நாலு சீனியர்கள். இவ்வளவுதான் தேவை. மேடை, மாலை, பொன்னாடைச் செலவில் பாதிகூட ஆகாது. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கப் போகிறேன். வழிமொழிய ஆட்கள் வேண்டும்.

"இது என்னப்பா, காலேஜ் சங்கம் கார் ஓட்டக் கத்துக் கொடுக்கணுமா?" என்று சில அண்ணன்மார் கேட்கலாம். ஒவ்வொரு ஆண்டும் இந்த மலரில் இரங்கல் பக்கம் ஒன்று வருகிறது. வயதாகி மறைந்தவர்களின் படங்களுக்கு நடுவே, இருபது வயதுப் படம் ஒன்றையும் சில மலர்களில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு படம் குறைந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வீண் போகவில்லை.